நடக்கும் காலும் வேலை செய்யும் கையும்: பிளெண்ட் செய்யும்போது கேரக்டர் சாயாமல் இருக்க

நடக்கும் அனிமேஷன் கிளிப் (பதிவான அசைவுத் துண்டு) ஒன்று, பெட்டியை ஏந்தி நிற்கும் கிளிப் இன்னொன்று. இரண்டும் மோஷன் கேப்சரில் ஆள் நடித்துப் பதிவானவை. தனித்தனியாக ஓட்டிப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. இடுப்புக்குக் கீழே முதல் கிளிப்பையும் மேலே இரண்டாவதையும் வைத்துச் சேர்த்ததும், அதாவது பிளெண்ட் செய்ததும், கேரக்டர் குப்புற விழப்போவது போல நடக்கிறது. சில சமயம் நேர் எதிராக, பெட்டிக்குள் ஒன்றுமே இல்லை என்று சொல்லும்படி நடக்கிறது.

பெட்டியை ஏந்தி நின்றவர் அந்த எடைக்கு ஈடாக இடுப்பைப் பின்னால் வாங்கியிருப்பார், முதுகைக் கொஞ்சம் சாய்த்திருப்பார், கணுக்கால் கோணத்தையும் மாற்றியிருப்பார். உடம்பை இடுப்பில் வெட்டும்போது இடுப்பும் கால்களும் நடை கிளிப்பின் பங்குக்குப் போய்விடுகின்றன. கை மட்டும் மிஞ்சுகிறது. அந்தக் கைக்கு உடம்பு கொடுத்த ஈடு காணாமல் போகிறது. காணாமல் போன அந்த ஈட்டை அளந்து, இடுப்பு வழியாகத் திரும்பக் கொடுக்க வேண்டும். பாதத்தை நகர்த்தியோ கையை இறக்கியோ மறைக்கப் பார்த்தால் பிசகு வேறு இடத்தில் தலைகாட்டும்.

கீழே வரும் எண்கள் 1.75 மீட்டர் உயரமும் 60 கிலோ எடையும் உள்ள மனித கேரக்டருக்கானவை. உங்கள் கேரக்டர் வேறு அளவென்றால் விகிதத்தை மாற்றிக்கொள்ளலாம், முறை ஒன்றுதான்.

முதலில் அளந்து பார்க்கவும்

கண்ணால் பார்த்து "கொஞ்சம் சாய்கிறது" என்று சொல்லி இடுப்பை நகர்த்த ஆரம்பித்தால் வேலை முடியாது. நிறை மையம், அதாவது உடலின் மொத்த எடையும் ஒன்றுகூடியிருப்பதாகக் கொள்ளும் புள்ளி, எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு ஃபிரேமிலும் தெரிய வேண்டும். அதற்கு உறுப்புகளின் எடைப் பங்கு வேண்டும். உடல் அசைவு ஆய்வாளர் பாலோ டி லேவா 1996-இல் வெளியிட்ட அட்டவணை இதற்குப் போதுமானது. ஆண் உடலில் தலையும் கழுத்தும் 6.94%, முண்டம் 43.46%. ஒரு பக்கத்துக்கு மேற்கை 2.71%, முன்கை 1.62%, உள்ளங்கை 0.61%, தொடை 14.16%, கெண்டைக்கால் 4.33%, பாதம் 1.37%. பெண் உடலில் தொடை 14.78%, முண்டம் 42.57% என்று சிறு வேறுபாடு உண்டு. அனிமேஷனில் அது கண்ணுக்குத் தெரியாது.

ஒவ்வொரு உறுப்பின் எடையும் எலும்பின் நடுவில் இருப்பதாக வைக்க வேண்டாம். தொடையின் நிறை மையம் இடுப்பு மூட்டிலிருந்து 41% தூரத்தில் இருக்கிறது. கெண்டைக்காலில் முழங்காலிலிருந்து 45%, மேற்கையில் தோளிலிருந்து 58%, முன்கையில் முழங்கையிலிருந்து 46%. இந்தப் புள்ளிகளை எடைப் பங்கால் பெருக்கிக் கூட்டினால் மொத்த உடலின் நிறை மையம் வரும். கையில் பொருள் இருந்தால் அதையும் ஓர் உறுப்பாகச் சேர்த்து, மொத்த எடையால் வகுக்கவும். பெட்டியைச் சேர்க்க மறப்பதுதான் இந்தக் கணக்கில் அடிக்கடி நடக்கும் தவறு.

பெரிய தலையும் சின்னக் காலும் உள்ள கார்ட்டூன் கேரக்டருக்கு இந்த அட்டவணை உதவாது. பார்ப்பவரின் கண் உருவத்தின் பருமனை வைத்துத்தான் எடையை ஊகிக்கிறது. அங்கே ஒவ்வொரு பாகத்தின் மெஷ் (உருவத்தின் மேற்பரப்பு வலை) கன அளவை எடுத்து, அதன் பங்கையே எடைப் பங்காக வைப்பது நல்லது.

அளந்ததும் எது பெரிய பிசகு, எது கண்டுகொள்ள வேண்டாதது என்று தெரிந்துவிடும். ஒரு கையைப் பக்கவாட்டில் முழுதாக நீட்டினால் அதன் நிறை மையம் சுமார் 30 செ.மீ. வெளியே போகிறது, ஒரு கையின் எடை உடலில் 5% கூட இல்லை என்பதால் மொத்த நிறை மையம் 1.5 செ.மீ. மட்டுமே நகரும். இதற்குத் திருத்தம் தேவையே இல்லை. முண்டத்தை 30 டிகிரி முன்னால் குனிந்தால் கதை வேறு. தலை, முண்டம், கைகள் சேர்ந்து உடலில் 60%. அவற்றின் நிறை மையம் இடுப்பு மூட்டுக்கு ஏறத்தாழ 31 செ.மீ. மேலே இருக்கிறது. மொத்த நிறை மையம் 9 செ.மீ.க்கு மேல் முன்னால் வந்துவிடும். மார்புக்கு முன்னால் 35 செ.மீ. தள்ளிப் பிடித்த 15 கிலோ பெட்டி 7 செ.மீ. இழுக்கும். வலது கையில் 11 கிலோ தண்ணீர் வாளி, உடலின் நடுக்கோட்டிலிருந்து 30 செ.மீ. தள்ளித் தொங்கினால் பக்கவாட்டில் 4.6 செ.மீ.

ஆக, கை அசைவு என்று பெயர் வைத்திருக்கும் கிளிப்புகளில் கையால் வரும் கேடு சிறிது. குனிவும் சுமையும்தான் சாய்க்கின்றன. கை ஆட்டுவது, ஃபோன் பேசுவது, சுட்டிக்காட்டுவது போன்றவற்றுக்கு இந்தத் திருத்தத்தை இயக்காமலே விட்டுவிடலாம்.

நடையில் நிறை மையத்தைப் பாதத்துக்குள் அடைக்காதீர்கள்

நிற்கும் கேரக்டருக்கு விதி தெளிவானது. நிறை மையத்திலிருந்து நேர் கீழே இறக்கிய கோடு, இரு பாதங்களும் அவற்றுக்கு நடுவில் உள்ள இடமும் சேர்ந்த பரப்புக்குள் விழ வேண்டும். ஒவ்வொரு பாதத்துக்கும் நான்கு புள்ளிகள் வைத்தால் போதும்: குதிகாலின் இரு ஓரம், விரல் பக்கத்தின் இரு ஓரம். சாதாரணமாக நிற்கும்போது அந்தக் கோடு கணுக்காலுக்கு 4 முதல் 5 செ.மீ. முன்னால் விழும். 26 செ.மீ. பாதத்தில் கணுக்காலுக்கு முன்னால் சுமார் 20 செ.மீ. இடம் இருக்கிறது, பின்னால் 5 அல்லது 6 செ.மீ. மட்டுமே. அதனால்தான் பின்னால் சாயும் பிசகு முன்னால் சாயும் பிசகைவிடச் சீக்கிரம் கண்ணில் படுகிறது.

நடைக்கு இதே விதியைப் போட்டால் கெட்டது. மனிதர் ஒற்றைக் காலில் ஊன்றும் நேரத்தில் நிறை மையம் அந்தப் பாதத்தின் மேல் வருவதே இல்லை. பாதத்தின் உள்பக்கமாகக் கடந்து போய்விடும். நடை என்பதே விழத் தொடங்கி, அடுத்த காலில் பிடித்துக்கொள்ளும் வேலை. ஒவ்வொரு ஃபிரேமிலும் நிறை மையத்தைப் பாதத்துக்குள் தள்ளும் ஸ்கிரிப்டை ஓட்டினால், இடுப்பு இடமும் வலமும் பெரிதாக ஆடும், கேரக்டர் பழைய ரோபோ மாதிரி ஒவ்வொரு காலாக எடை மாற்றி நடக்கும்.

நடைக்கு வேறொரு அளவுகோல் இருக்கிறது: மூல நடை கிளிப்பே. அந்தக் கிளிப்பை நடித்தவர் விழவில்லை. அவருடைய நிறை மையம் பாதங்களோடு வைத்திருந்த உறவு சரியானது. பிளெண்ட் செய்தபின் வரும் நிறை மையம், நடையின் அதே கட்டத்தில் மூலக் கிளிப்பில் இருந்த நிறை மையத்திலிருந்து எவ்வளவு விலகியது என்று மட்டும் பார்க்கவும். அந்த விலகலைத்தான் திருத்த வேண்டும். நடையின் இயல்பான 3 முதல் 5 செ.மீ. பக்கவாட்டு ஆட்டம் அப்படியே பத்திரமாக இருக்கும்.

இதற்கு மூலக் கிளிப்பின் நிறை மையத்தை முன்கூட்டியே கணக்கிட்டு, ரூட் எலும்பை (மற்ற எலும்புகளுக்கெல்லாம் மூலமான எலும்பை) சார்ந்த முன்பின் மதிப்பு ஒன்று, பக்கவாட்டு மதிப்பு ஒன்று என இரண்டு கர்வ்களாக (நேரத்தோடு மாறும் மதிப்புகளாக) கிளிப்பிலேயே பதித்துவிடவும். ஆட்டம் ஓடும்போது இரண்டு உடல்களைக் கணக்கிட வேண்டியிருக்காது. பல வேக நடைகள் ஒரு பிளெண்ட் ஸ்பேஸில் (வேகத்துக்கேற்ப கிளிப்புகளைக் கலக்கும் அமைப்பில்) கலக்கும்போது கர்வ்களும் அதே விகிதத்தில் கலந்து வரும். அது துல்லியமான விடை அல்ல. ஆனாலும் வேகம் நெருங்கிய நடைகளுக்குப் போதும்.

வெட்டும் இடமும் சுழற்சியும்

அன்ரியல் என்ற கேம் என்ஜினில், எலும்பு வாரியாகக் கிளிப்புகளைக் கலக்கும் லேயர்டு பிளெண்ட் பெர் போன் நோடை எடுத்து, பிராஞ்ச் ஃபில்டரில் ஸ்பைன் 01 (முதுகின் முதல் எலும்பு) என்று கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்வது வழக்கம். அப்படிச் செய்தால் ஒரே மூட்டில் மொத்த மாற்றமும் விழுகிறது. இடுப்புப் பட்டை இருக்கும் இடத்தில் உடம்பு மடிந்த மாதிரி தெரியும். பிளெண்ட் டெப்த்தை 3 என்று வைத்தால் முதல் எலும்புக்கு மூன்றில் ஒரு பங்கு, அடுத்ததற்கு மூன்றில் இரண்டு, மூன்றாவதற்கு முழுதும் என்று பரவும். அன்ரியலோடு வரும் பழைய மாதிரி கேரக்டரான மேனக்வினில் முதுகெலும்பு மூன்று எலும்பு. ‘மேனி’ (Manny) என்ற புதிய மாதிரி கேரக்டரில் ஐந்து இருப்பதால் அங்கே 4 அல்லது 5 வைக்கலாம்.

அடுத்தது மெஷ் ஸ்பேஸ் ரொட்டேஷன் பிளெண்ட் என்ற டிக். அதை எடுத்துவிட்டால் மேலுடல் இடுப்பைச் சார்ந்தே சுழலும்: இடுப்பு சாய்ந்தால் மார்பும் சாயும், குறி பார்க்கும் துப்பாக்கி நடைக்கேற்ப அலையும். டிக் போட்டால் மார்பு தன் திசையிலேயே நிற்கும். ஆனால் இடுப்பின் திருகல் மேலே ஏறாததால் மேலுடல் தண்டவாளத்தில் போவது போல வழுக்கிக்கொண்டு போகும். துப்பாக்கிக்கு டிக் போடுங்கள். சுமை தூக்கி நடப்பதற்கு டிக் உள்ள நோடு ஒன்றும் இல்லாத நோடு ஒன்றும் வைத்து 0.7, 0.3 என்று கலப்பது நல்லது. நிறை மையக் கணக்கு இந்தக் கலப்புக்குப் பிறகுதான் வர வேண்டும். முன்னால் வைத்தால் திருத்தியது எல்லாம் பொய்யாகிவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஐகே என்பது கையோ பாதமோ போக வேண்டிய இடத்தைக் கொடுத்தால் மூட்டுக் கோணங்களைக் கணக்கிடும் முறை. அதற்கு இலக்காகும் ஐகே கை எலும்புகள் ரூட்டுக்கு நேர் கீழே, ஐகே ஹேண்ட் ரூட்டில் தொங்குகின்றன. முதுகெலும்பின் கிளையில் இல்லை. அதனால் மேலுடல் லேயர் அவற்றைத் தொடுவதில்லை. அவை நடை கிளிப்பின் கைகளோடு ஆடிக்கொண்டே இருக்கும். பின்னால் கை ஐகே இயங்கியதும் பெட்டியை ஏந்திய கை திடீரென்று இடுப்புப் பக்கம் பாயும். பிராஞ்ச் ஃபில்டரில் ஐகே ஹேண்ட் ரூட்டையும் சேர்த்தால் தீரும். பாத ஐகே எலும்புகளுக்கு இதே அமைப்பு நன்மை: இடுப்பை நகர்த்தினாலும் அவை இருந்த இடத்திலேயே இருக்கும்.

நேரம் பொருந்தாவிட்டால் இடம் பொருந்தியும் பயனில்லை

வலது கைக்காரர் பந்தை எறியும்போது, பந்து கையை விட்டுப் போகும் நேரத்தில் இடது கால் முன்னால் ஊன்றியிருக்கும். நடை கிளிப்பில் அந்தக் கணம் வலது கால் ஊன்றியிருந்தால், நிறை மையம் எவ்வளவு சரியாக இருந்தாலும் எறி பொம்மைத்தனமாகத் தெரியும். எனவே எறியும் கிளிப்பில் விடுபடும் ஃபிரேமையும், நடை கிளிப்பில் இடது குதிகால் தரை தொடும் ஃபிரேமையும் குறித்துக்கொண்டு, இரண்டும் ஒன்றாக வரும்படி எறியின் வேகத்தை மாற்றவும். 0.8 மடங்கிலிருந்து 1.25 மடங்கு வரை கண் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் தேவைப்பட்டால் எறியை அரைச் சுற்று தள்ளிப் போடுங்கள். சாதாரண நடையில் அது அரை வினாடிதான்.

இரண்டு முழு உடல் நடைகளைக் கலக்கும்போதும் இதே கதை. மெதுநடையும் ஓட்டமும் சிங்க் மார்க்கர் (கிளிப்புகளின் நேரத்தைப் பொருத்தும் குறி) இல்லாமல் கலந்தால், ஒன்றில் ஊன்றியிருக்கும் காலும் மற்றதில் காற்றில் இருக்கும் காலும் சராசரியாகி, பாதம் தரைக்கு மேல் மிதந்தபடி வழுக்கும். இடது ஊன்றல், வலது ஊன்றல் என்று குறைந்தது இரண்டு மார்க்கர் எல்லா நடை கிளிப்புகளிலும் ஒரே பெயரில் வேண்டும். பாதம் ஊன்றியிருக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்க, பாதத்தின் வேகம் நொடிக்கு 15 செ.மீ.க்குள்ளும் உயரம் 4 செ.மீ.க்குள்ளும் இருக்கிறதா என்று பார்ப்பது பெரும்பாலான கிளிப்புகளுக்கு ஒத்துவரும்.

இடுப்பைத் திருத்தும் வழி

இனிதான் முக்கிய வேலை. ஒவ்வொரு ஃபிரேமிலும் செய்ய வேண்டியவை இவை.

1. பிளெண்ட் செய்த உடலின் நிறை மையத்தை, சுமையும் சேர்த்து, ரூட்டைச் சார்ந்து கணக்கிடவும்.

2. கர்வில் பதித்த மூல நிறை மையத்தை அதிலிருந்து கழிக்கவும். முன்பின், பக்கவாட்டு மதிப்புகள் மட்டும் போதும். மேல்கீழ் மதிப்பை விட்டுவிடுங்கள்.

3. விலகல் 1.5 செ.மீ.க்குள் இருந்தால் சுழியம் என்று வைக்கவும். சின்னச் சின்ன கை ஆட்டத்துக்கெல்லாம் இடுப்பு துடிக்காமல் இருக்க இது அவசியம். அந்த எல்லையைத் தாண்டியதும் திடீரென்று முழு விலகலையும் எடுக்காமல், மிச்சத்தை மட்டும் எடுக்கவும்.

4. மேல் எல்லை வைக்கவும்: முன்பின் 8 செ.மீ., பக்கவாட்டு 5 செ.மீ. அதற்கு மேல் தேவைப்படுகிறது என்றால் அந்த இரண்டு கிளிப்புகளும் சேரவே கூடாதவை. புது கிளிப் வேண்டும்.

5. எதிர்த்திசையில் இடுப்பை நகர்த்தவும். இடுப்பை 1 செ.மீ. நகர்த்தினால் நிறை மையம் 1 செ.மீ. நகராது. பாதம் தரையில் நிற்கும், தொடை ஏறத்தாழ 0.8 பங்கும் கெண்டைக்கால் 0.3 பங்குக்குச் சற்றுக் குறைவாகவும்தான் கூட வரும். கூட்டிப் பார்த்தால் சுமையில்லாத உடலுக்கு 0.85. ஆகவே வேண்டிய நகர்வை 0.85-ஆல் வகுக்கவும். 15 கிலோ சுமை இருந்தால் 0.88.

6. மீதியை முதுகெலும்பில் சாய்வாகக் கொடுக்கவும். இடுப்பு மூட்டிலிருந்து மேலுடலை 1 டிகிரி சாய்த்தால் நிறை மையம் சுமார் 0.33 செ.மீ. நகரும்.

7. இந்த மதிப்புகளைக் கிரிட்டிக்கலி டேம்ப்டு ஸ்பிரிங் (இலக்கைத் தாண்டி ஆடாமல் மென்மையாகச் சென்றடையும் கணக்கு) வழியாக அனுப்பவும். பாதி தூரத்தை 0.1 வினாடியில் கடக்கும்படி வைத்தால் நல்லது. 0.05-க்குக் கீழே போனால் இடுப்பு வெட்டி இழுக்கும்; 0.2-க்கு மேல் போனால் கேரக்டர் சாய்ந்த பிறகு யோசித்துத் திருத்துவது போல் இருக்கும்.

8. கால் ஐகே மூலம் பாதங்களைப் பழைய இடத்தில் பிடித்து வைக்கவும்.

ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் எப்படிப் பங்கு பிரிப்பது என்பதில்தான் கைத்திறன் தெரியும். குனிவதற்கு மொத்தத்தையும் இடுப்புக்கே கொடுங்கள். மனிதர் குனியும்போது பின்பக்கம் பின்னால் போவது இயல்பு. முன்னால் ஏந்திய சுமைக்கு அப்படிக் கொடுத்தால் உட்காரப் போகிறவர் மாதிரி ஆகிவிடும். பாதி இடுப்பு, பாதி முதுகு என்று பிரிக்கவும். மேலே சொன்ன 7 செ.மீ. பெட்டிக்கு இடுப்பு 4 செ.மீ. பின்னால் வர, மேலுடல் சுமார் 10 டிகிரி சாய்ந்தால் கணக்கு நேராகும். பெட்டி கிளிப்பிலேயே முதுகு கொஞ்சம் சாய்ந்திருந்தால் அளவில் அது ஏற்கெனவே வந்துவிடும், நீங்கள் கொடுக்க வேண்டியது குறையும். ஒற்றைக் கை வாளிக்கு மூன்றில் இரண்டு பங்கு முதுகின் பக்கச் சாய்வு, மிச்சம் இடுப்பு; காலியான கை உடலை விட்டு 20 டிகிரி விலகினால் இன்னும் நம்பும்படி இருக்கும்.

ஒரு முழுச் சுற்றிலும் திருத்தம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் நடையின் ஒவ்வொரு அடிக்கும் திருத்தம் 2 செ.மீ.க்கு மேல் ஏறி இறங்கினால் எங்கோ தவறு. பெரும்பாலும் மூலக் கர்வும் நடையும் வெவ்வேறு கட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

முழங்கால் ஏன் துள்ளுகிறது

இடுப்பைத் திருத்திய உடனே வரும் புகார் இதுதான்: பின்கால் தரையை உதைத்து எழும் நேரத்தில் முழங்கால் பட்டென்று நேராகித் துள்ளுகிறது. நடு ஊன்றலில் துள்ளுவதில்லை, அங்கே மட்டும்தான். கணக்கைப் பார்த்தால் புரியும்.

கால் நீளம் 90 செ.மீ. என்று கொள்வோம். கால் உடலுக்கு நேர் கீழே இருக்கும்போது இடுப்பு 6 செ.மீ. விலகினால், காலின் நீளம் போதும்படி இருக்க இடுப்பு 2 மில்லிமீட்டர் இறங்கினால் போதும். யாருக்கும் தெரியாது. கால் ஏற்கெனவே 40 செ.மீ. பின்னால் நீண்டிருக்கும்போது இடுப்பு உயரம் 80.6 செ.மீ. இன்னும் 6 செ.மீ. முன்னால் போய் இடைவெளி 46 ஆனால், அதே கால் எட்டக்கூடிய உயரம் 77.4 செ.மீ. அதாவது இடுப்பு 3 செ.மீ.க்கு மேல் இறங்கியாக வேண்டும். இறக்காவிட்டால் கால் எட்டாமல் ஐகே முழு நீளத்துக்கு இழுத்துக்கொள்ளும். அடுத்த ஃபிரேமில் எட்டியதும் முழங்கால் மடங்கும். கண்ணுக்குத் தெரியும் துள்ளல் இந்த மாற்றம்தான். பெட்டி சுமக்கும்போது இடுப்பு பின்னால் போவதால் இதே தொல்லை முன்னால் குதிகால் ஊன்றும் கணத்தில் வரும்.

இதைத் தடுக்க, இரு கால்களுக்கும் இடுப்பிலிருந்து பாத இலக்குக்கு உள்ள தூரத்தை அளந்து, எந்தக் காலாவது முழு நீளத்தில் 98%-ஐத் தாண்டினால் தாண்டிய அளவுக்கு இடுப்பை இறக்கவும். இறக்கத்துக்கும் ஸ்பிரிங் வேண்டும். இறங்குவது வேகமாகவும் ஏறுவது மெதுவாகவும் இருக்கட்டும். 4 செ.மீ. இறக்கியும் எட்டவில்லை என்றால் பின்காலின் குதிகாலைத் தூக்கிவிடுங்கள், விரல் மட்டும் தரையில் இருக்கட்டும். மனிதரும் அதைத்தான் செய்கிறார்.

வேகமான அசைவுக்கு நிறை மையம் மட்டும் போதாது

மெதுவான அசைவுகளுக்கு இதுவரை சொன்னது போதும். எறிவது, ஓங்கி வெட்டுவது, கதவை இடிப்பது ஆகியவற்றில் நிறை மையம் சரியாக இருந்தும் கேரக்டர் நிலைதவறித் தெரியும். அங்கே முடுக்கம் கணக்கில் வர வேண்டும். ரோபோ ஆய்வில் மியோமிர் வுகோப்ராடோவிச் வகுத்த ஜீரோ மொமென்ட் பாயின்ட் இதற்குத்தான். ஒவ்வொரு உறுப்பின் எடை, அதன் கிடைமட்ட முடுக்கம், அதன் உயரம் மூன்றையும் பெருக்கிக் கூட்டி, மொத்த எடை விசையால் வகுத்தால் வரும் நீளத்தை, முடுக்கத்துக்கு எதிர்த்திசையில் நிறை மையத்தின் நிழலிலிருந்து (அதற்கு நேர் கீழே தரையில் உள்ள புள்ளியிலிருந்து) தள்ளிக் குறிக்கவும். அந்தப் புள்ளி பாதப் பரப்புக்குள் இருக்க வேண்டும்.

கையும் பந்துமாக 3.5 கிலோ, 1.4 மீட்டர் உயரத்தில், நொடிக்கு நொடி 40 மீட்டர் வீதம் முடுக்கம் பெறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விசை 140 நியூட்டன். அதை 1.4-ஆல் பெருக்கி, 60 கிலோ உடலின் எடை விசையான 589 நியூட்டனால் வகுத்தால் 33 செ.மீ. வருகிறது. குதிகாலுக்குப் பின்னால் அவ்வளவு இடம் கிடையாது. ஆகவே இரு பாதங்களையும் இணையாக வைத்து நிற்கும் காலோடு இந்த எறியைச் சேர்க்கவே முடியாது. எந்த இடுப்புத் திருத்தமும் காப்பாற்றாது. பின்கால் நன்றாகப் பின்னால் இருக்கும் நிலையோ, எறிக்கு முன் ஓர் எட்டு வைக்கும் கிளிப்போ வேண்டும்.

மோஷன் கேப்சர் தரவிலிருந்து முடுக்கத்தை எடுக்கும்போது இரைச்சல் பெருகும். நடைக்கு 6 ஹெர்ட்ஸ் லோ பாஸ் ஃபில்டர் (அதைவிட வேகமான நடுக்கத்தை நீக்குவது) போதும். எறிக்கு அது அதிகம் மழுங்கடித்துவிடும், 10 முதல் 12 வரை வைக்கவும்.

தள்ளு வாங்கிய கேரக்டர் நின்ற இடத்திலேயே சமாளிக்குமா, எட்டு வைக்க வேண்டுமா என்று முடிவு செய்ய, உடல் அசைவு ஆய்வாளர் ஹாஃபும் அவருடைய சகாக்களும் 2005-இல் சொன்ன கணக்கு அருமையாக உதவும். நிறை மையம் 1 மீட்டர் உயரத்தில் இருந்தால், அதன் வேகத்தை 0.32 வினாடியால் பெருக்கி, வரும் தூரத்தை நிறை மையத்தின் நிழலோடு கூட்டவும். நொடிக்கு 0.5 மீட்டர் வேகம் என்றால் 16 செ.மீ. கூட்டி வந்த புள்ளி பாதப் பரப்புக்கு வெளியே போனால் எட்டு வைக்கும் கிளிப்பை ஓட்டுங்கள். காலை அந்தப் புள்ளிக்கு அப்பால் வைக்கவும்.

வளைவில் சாய்வு

ஓடிக்கொண்டே திரும்பும்போது கேரக்டர் நட்டக்குத்தாக நின்றால் பொம்மை போல இருக்கும். வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தாலும் 9.81-ஆலும் வகுத்தால் சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பு வரும். நொடிக்கு 3 மீட்டர், 4 மீட்டர் ஆரம் என்றால் 13 டிகிரி. நடைவேகம் 1.4, ஆரம் 2 மீட்டர் என்றால் 6 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. இந்தச் சாய்வை இடுப்பில் சுழற்றாமல், இரு பாதங்களுக்கு நடுவில் தரையில் உள்ள புள்ளியை வைத்து முழு உடலையும் சுழற்றவும். இதை அடிட்டிவ் கிளிப்பாக (ஓர் அடிப்படை போஸைக் கழித்து, வித்தியாசத்தை மட்டும் மேலே கூட்டும் கிளிப்பாக) செய்தால், கழிக்கப்படும் அடிப்படை போஸ் நடை கிளிப்போடு ஒத்ததா என்று பாருங்கள். வேறு நிலையிலிருந்து எடுத்த அடிட்டிவ், நேராகப் போகும்போதே 3 டிகிரி சாய்வை உள்ளே கொண்டுவந்துவிடும்.

முக்கியமானது: வேண்டுமென்றே கொடுத்த இந்தச் சாய்வை நிறை மையத் திருத்தம் பிசகு என்று எண்ணி நிமிர்த்திவிடும். மூலக் கர்வின் மதிப்பையும் அதே கோணத்துக்குச் சுழற்றிக்கொண்டு ஒப்பிட வேண்டும்.

எந்த வரிசையில்

நடை பிளெண்ட் ஸ்பேஸ், வளைவுச் சாய்வு, மேலுடல் லேயர், இனர்ஷியலைசேஷன் (கிளிப் மாறும்போது வரும் குதிப்பைப் படிப்படியாகக் கரைக்கும் முறை), நிறை மையத் திருத்தம், கால் ஐகே, கை ஐகே, கடைசியாகத் தலையும் கண்ணும். கை ஐகே இடுப்புத் திருத்தத்துக்கு முன்னால் இருந்தால் பெட்டி ஒரு பக்கம், கை ஒரு பக்கம் என்று பிரியும். கிளிப் மாற்றங்களுக்கு, கியர்ஸ் ஆஃப் வார் ஆட்டத்தில் பயன்படுத்திய இனர்ஷியலைசேஷன் முறையை டேவிட் பொல்லோ 2018-இல் ஜிடிசி என்ற கேம் தயாரிப்பாளர் மாநாட்டில் விளக்கிய பிறகு அது பரவலாகிவிட்டது. அதில் புதிய கிளிப் உடனே பொறுப்பேற்கிறது. அந்த ஃபிரேமிலேயே மூலக் கர்வும் குதிக்கலாம். கர்வ் மதிப்பையும் தனியாக ஒரு ஸ்பிரிங்கில் போட்டுவிட்டால் இடுப்பு குதிக்காது.

அன்ரியலில் டிரான்ஸ்ஃபார்ம் மாடிஃபை போன் நோடைப் பெல்விஸுக்கு (இடுப்பு எலும்புக்கு) வைத்து, காம்போனென்ட் ஸ்பேஸில் ஆட் டு எக்சிஸ்டிங் என்று அமைக்கவும். பிறகு ஐகே பாத எலும்புகளை இலக்காக வைத்து இரு கால்களுக்கும் டூ போன் ஐகே. இன்னொரு கேம் என்ஜினான யூனிட்டியில் ஹியூமனாய்டு ரிக் (மனித எலும்பு அமைப்பு) என்றால் வேலை குறைவு: அனிமேட்டரின் பாடி பொசிஷன் என்பதே உடலின் நிறை மையம். லேயரில் ஐகே பாஸ் டிக் போட்டு, ஆன் அனிமேட்டர் ஐகே அழைப்புக்குள் பாத இலக்குகளின் இடத்தை வாங்கி, எடை 1 வைத்துத் திரும்பக் கொடுத்துவிட்டு, பாடி பொசிஷனை நகர்த்தலாம். கையில் உள்ள பொருள் அந்தக் கணக்கில் இராது. அதை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

சோதிக்கும்போது

நிறை மையத்துக்கு ஒரு பந்து, அதன் நிழலுக்கு ஒரு புள்ளி, மூல நிறை மையத்துக்கு வேறு நிறத்தில் இன்னொரு புள்ளி, பாதப் பரப்புக்கு ஒரு கோடு. இவற்றைத் திரையில் வரைந்துவிட்டு கால் பங்கு வேகத்தில் ஓட்டுங்கள். முதலில் பக்கவாட்டிலிருந்தும் பிறகு நேர் முன்னாலிருந்தும் பார்க்கவும். ஆட்டத்தின் வழக்கமான பின்பக்கக் கேமராவில் முன்பின் சாய்வு தெரியவே தெரியாது.

இரண்டு புள்ளிகளும் ஒட்டியே இருந்தும் கேரக்டர் எடையில்லாமல் தெரிந்தால் நேரத்தைச் சந்தேகியுங்கள்: நடை சுமைக்கு ஏற்ப மெதுவாகியிருக்காது, அல்லது இடுப்பின் 4 செ.மீ. மேல்கீழ் அசைவு பெட்டியை அப்படியே தூக்கிப் போட்டுக்கொண்டிருக்கும். பெட்டியை ஏந்திய கை இலக்குகளின் மேல்கீழ் அசைவை மட்டும் 0.08 வினாடி ஸ்பிரிங்கில் பின்தங்க விட்டால் எடை வந்துவிடும். புள்ளிகள் நடுங்கினால் மூன்றாம் படியின் 1.5 செ.மீ. எல்லையைத் தாண்டித் தாண்டி வருகிறது என்று பொருள். எல்லையை 2 ஆக்கவும். நிற்கும்போது சரியாக இருந்து நடக்கத் தொடங்கியதும் பின்னால் சாய்ந்தால், நிற்கும் கிளிப்பில் கர்வ் பதித்து நடை கிளிப்பில் பதிக்க மறந்திருப்பீர்கள். கர்வ் இல்லாத கிளிப்பில் மதிப்பு சுழியம் என்றே வரும், திருத்தமும் அந்தச் சுழியத்தை நோக்கியே உடலை இழுக்கும். கர்வ் இல்லாத கிளிப்பில் திருத்தம் தானாக அணைந்துபோக, கர்வ் இருக்கிறது என்பதற்கு 1 மதிப்புள்ள மூன்றாவது கர்வ் ஒன்றைப் பதித்து, திருத்தத்தை அதனால் பெருக்கிவிடுங்கள்.